அந்துருண்டையை இரண்டு தடவை கேட்டவள்

மாசி அமாவாசையன்று பரசுராமன் செய்த காரியத்தை அம்மையார்குப்பத்தில் யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள். அமாவாசைக்குத் தறி ஓடாது. தறி ஓடாத நாளில் நெசவுக்காரன் கை சும்மா இருக்கவும் இருக்காது. அவர் கண்ணுக்கு எதிரே ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஓட்டை போட்ட அட்டைகள். அத்தனையும் கோர்க்காமல் தனித்தனியாகக் கிடந்தன. பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க அவர் என்ன கல்லா?

"இன்னா ரத்தினம், பொண்ணு அட்டைங்களைக் கோக்காம அப்டியே வெச்சிக்கினு இருக்குது? ஒண்ணு கலைஞ்சா பூ மொத்தமும் பூடுமே!" என்றார் மனைவியிடம்.

"அது காலேஜு அட்டைன்னு சொல்லிச்சு. வரட்டும், கேட்டுக்கினு செய்யிங்க," என்றாள் ரத்தினம்மாள்.

கேட்பதாவது! இருபத்தெட்டு வருஷமாக ஜக்கார்டு தறியில் கரைப்பூ போடுகிறவர் அவர். குறுக்கே ஓடுகிற ஓர் ஊடை நூலுக்கு ஓர் அட்டை. ஓட்டை இருக்கிற இடத்தில் நெடுக்கே ஓடுகிற பாவு நூல் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. அட்டைகளை நூலால் வரிசையாகக் கோர்த்தால்தான் அவை தறிக்கு மேலே சங்கிலியாகச் சுற்றும். கோர்க்காத அட்டையைக் கொடுத்த பட்டணத்துக்காரனைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். ஏற்கெனவே இருந்த ஓட்டை ஒன்றையும் தொடாமல், வெறும் ஓரமாகப் பார்த்துப் பார்த்து, இரண்டு பக்கமும் புது ஓட்டை போட்டார். நூற்றுத் தொண்ணூறு அட்டையையும் வெள்ளை நூலில் கோர்த்து மடித்து வைத்தார். மூன்று மணிக்கு மகள் தேவகி காலேஜிலிருந்து வந்தபோது, பொங்கல் துணி எடுத்துத் தருகிறவர்போல அதை இரண்டு கையாலும் நீட்டினார்.

தேவகி பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுத் திண்ணைப் பேச்செல்லாம் நின்றுபோய் நாலு தலைகள் எட்டிப் பார்த்தன.

"நைனா! இன்னா காரியம் பண்ணி வெச்சிருக்கே! இது தறி அட்டை இல்ல நைனா! மெட்ராஸ்ல கம்ப்யூட்டருக்குப் போடற அட்டை! இத ஒவ்வொண்ணா அது உள்ள இழுக்கணும்! ஓரத்துல ஓட்டை இருந்தா மாட்டிக்கினு கிழிச்சிடும்! ஐயோ, வெள்ளிக்கிழமைக்கு நான் எங்க போவேன்!"

பரசுராமன் கையிலிருந்த சங்கிலியைக் கீழே வைத்தார். அவ்வளவு பெரிய மனிதர், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கின பையன்போல முழித்தார். "அட்டைன்னா கோக்கணும்னுதான..." என்றார்.

தேவகிக்கு என்ன அவசரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருத்தணியில் மலையடிவாரத்துக் காலேஜில் அவள் மூன்றாம் வருஷம் பி.எஸ்ஸி. வேதியியல். வெள்ளிக்கிழமை அங்கே ஆறு காலேஜ் மாணவர்கள் தாங்கள் செய்த ஆராய்ச்சியைப் படிக்கிற கூட்டம். எது நன்றாக இருக்கிறதோ, அந்த ஒரே ஒரு ஆளுக்கு மே மாதத்திலிருந்து இரண்டு மாதம் மெட்ராஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம். அந்த ஆராய்ச்சிக்கூடத்தில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு முழு அறையை அடைத்துக்கொண்டு, குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்துகொண்டு, அட்டையைத் தின்று காகிதத்தைத் துப்பும் அந்த மெஷினை ஒரு தடவை பார்த்த நாளிலிருந்து தேவகிக்கு வேறு நினைப்பே இல்லை. ரேஷன் கடை வரிசையில்கூட அதைத்தான் நினைத்துக்கொண்டு நிற்பாள்.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி அந்துருண்டையிலிருந்து வந்தது. ஆமாம், பட்டுப்புடவைப் பெட்டியில் போடுகிற அதே அந்துருண்டை. அதற்குக் காலேஜில் நாப்தலீன் என்று பெயர். பத்துக் கார்பன், எட்டு ஹைட்ரஜன், வெள்ளை நிறம். ஒரு புத்தகத்தில் அவள் அசுலீன் என்று ஒன்றைப் படித்தாள். அதற்கும் அதே பத்துக் கார்பன், அதே எட்டு ஹைட்ரஜன். ஆனால் நீலம்! சும்மா நீலமில்லை, சொட்டு நீலம் மாதிரி நீலம். ஒரே சாமான், ஒரே கணக்கு. கட்டியிருக்கிற விதம் மட்டும் வேறு. அதற்கேன் இந்த நிறம் என்று கேட்டாள். பாடம் நடத்துகிற சிவப்பிரகாசம் சார், "இதுக்கு ஹியூக்கல் முறைன்னு ஒரு கணக்கு இருக்கும்மா, ஆனா பத்துக்குப் பத்து கட்டம் போட்டுத் தீக்கணும், கையால போட்டா தலை நரைச்சிடும்," என்று சொல்லி, மெட்ராஸுக்கு ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் அட்டை, மெஷின் எல்லாம் வந்தது.

மெஷின் ஒரு தடவை பதில் சொல்லியும் விட்டது. மூலக்கூறுக்குள் எலெக்ட்ரான்கள் படிப்படியாக உட்கார்ந்திருக்கும். ஆள் இருக்கிற கடைசிப் படிக்கும் அடுத்த காலிப் படிக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் விஷயம். இடைவெளி பெரிதாக இருந்தால் கண்ணுக்குத் தெரிகிற ஒளி அதற்கு எட்டாது, பொருள் வெள்ளையாகவே இருக்கும். குறுகினால் ஒளியை விழுங்கும், நிறம் வரும். நாப்தலீனுக்கு மெஷின் சொன்ன இடைவெளி 1.236. அசுலீனுக்குச் சொன்னதும் 1.236. மூன்று தசமம் வரைக்கும் அப்படியே ஒன்று!

"பாத்தியா, இந்த முறை அவ்ளோ நுணுக்கம் கிடையாது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல. அதையே முடிவா எழுதிடு," என்றார் சிவப்பிரகாசம் சார். கூட்டத்துக்கான சிறு புத்தகத்தில் அதையே அச்சடிக்கவும் கொடுத்துவிட்டார். தேவகிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அதனால்தான் சனிக்கிழமை மெட்ராஸ் போய் அட்டைகளைத் திரும்ப வாங்கி வந்தாள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, செவ்வாய்க்கிழமை மறுபடியும் மெஷினில் போடுவது என்று ஏற்பாடு. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பெரும்பகுதியைப் பார்த்து முடித்தாள். கடைசி இருபத்திரண்டு அட்டைதான் பாக்கி. அதற்குள்தான் அமாவாசை வந்தது.

புது அட்டை போட இரண்டு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள். தேவகி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்தப் பெட்டி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை தறியின் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் நைனாவின் கட்டக் காகிதம் ஒட்டியிருந்தது. புதுக் கரைக்குப் போடப்போகிற பூ. பாதிதான் வரைந்திருந்தார். மீதிப் பாதியை யாரும் வரைவதில்லை. நடுக்கோட்டில் மடித்தால் இந்தப் பக்கம் என்னவோ அதுவேதான் அந்தப் பக்கம். பள்ளிக்கூடம் படிக்கும்போது இவளே அவருக்கு எத்தனை பாதிப் பூ வரைந்து கொடுத்திருக்கிறாள்!

சட்டென்று எழுந்து நோட்டை எடுத்தாள். பத்துப் புள்ளியை வட்டமாக வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண் போட்டாள். வட்டத்தைச் சுற்றிப் பத்துக் கோடு. ஒன்றிலிருந்து ஐந்துக்குக் குறுக்கே ஒரு கோடு. ஒரு பக்கம் ஐந்து மூலை, மறுபக்கம் ஏழு மூலை. அதுதான் அசுலீன். அந்தக் காகிதத்தை மூன்றாம் புள்ளியும் எட்டாம் புள்ளியும் மடிப்பில் விழும்படி மடித்தாள். இரண்டு பாதியும் கச்சிதமாக ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன.

"அடிப்பாவி!" என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். சிலபஸில் இல்லை என்று சார் தாண்டிப்போன அத்தியாயத்தில் புத்தகக்காரன் இதைத்தானே எழுதியிருந்தான்! மடித்தால் இரு பாதியும் ஒத்துப்போகும் என்றால் பத்துக்குப் பத்து கட்டத்தை இரண்டாக உடைக்கலாம். ஒன்று ஆறுக்கு ஆறு. இன்னொன்று நாலுக்கு நாலு. நாலைக் கையால் போடலாம். ஆறும் கொஞ்சம் முக்கினால் வந்துவிடும்.

வந்துவிடும் என்று சொல்வது சுலபம். ஒரு எண்ணை ஊகித்துப் போட்டு, அதை அதனாலேயே நாலு தடவை, ஆறு தடவை பெருக்கி, கூட்டிக் கழித்து, மிச்சம் பூஜ்யம் வருகிறதா என்று பார்க்கவேண்டும். வராது. மறுபடி ஊகிக்கவேண்டும். மத்தியானத்துக்குள் பென்சில் பாதி தேய்ந்தது, மூன்று இடத்தில் பெருக்கல் தப்பு. அழுகை வருகிற மாதிரி இருந்தது.

பரசுராமன் தறியை நிறுத்திவிட்டுக் கிட்டே வந்தார். நேற்றிலிருந்து அவரிடம் அவள் பேசவில்லை. "இன்னாம்மா, பெருக்கலா? சொல்லு, நான் போடறேன்," என்றார் தயங்கித் தயங்கி.

"தசமம் நைனா. உனுக்கு வராது."

"தசமத்தை நீ வெச்சிக்கோ. முழு எண்ணாச் சொல்லேன்."

"சரி. நானூத்தி எழுபத்தேழை நானூத்தி எழுபத்தேழால பெருக்கு."

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். பாவு நூலை மனசிலேயே கணக்குப் போட்டுப் பழகின தலை அது. உதடு இரண்டு தடவை அசைந்தது. "ரெண்டு லட்சத்து இருபத்தேழாயிரத்து ஐநூத்தி இருபத்தொம்போது."

தேவகி தாளில் போட்டுப் பார்த்தாள். அப்படியே இருந்தது. அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நைனா, உக்காரு," என்றாள்.

செவ்வாயும் புதனும் அந்த வீட்டில் தறிச்சத்தமே இல்லை. இவள் கேட்பாள், அவர் சொல்வார், இவள் தாளிலும் போட்டுப் பார்ப்பாள். இரண்டும் ஒத்துவந்தால்தான் அடுத்த வரி. ரத்தினம்மாள் சோற்றைப் பிசைந்து இரண்டு பேர் கையிலும் உருட்டி வைத்தாள், இல்லாவிட்டால் தின்னமாட்டார்கள் என்று. புதன்கிழமை சாயங்காலம் கடைசி வரியில் மிச்சம் பூஜ்யத்தை ஒட்டி வந்தது. ஆள் இருக்கிற கடைசிப் படி 0.477. காலிப் படி பூஜ்யத்துக்குக் கீழே 0.400. நடுவே இடைவெளி 0.877.

"ஒண்ணே கால் இல்ல நைனா! ஒண்ணுக்குள்ளயே வந்துடுச்சு! குறுகிடுச்சு! அதனாலதான் நீலம்!" என்று கத்திக்கொண்டு அவள் எழுந்து குதித்தாள். பரசுராமனுக்கு எது குறுகியது, எதனால் நீலம் என்று ஒரு எழவும் விளங்கவில்லை. ஆனால் பெருக்கல் அத்தனையும் தன்னுடையது என்பது விளங்கியது. அவரும் சிரித்தார்.

வியாழக்கிழமை சிவப்பிரகாசம் சார் சிரிக்கவில்லை. "ஏம்மா, புத்தகத்துல 1.236-ன்னு அச்சாயிடுச்சு. மெட்ராஸ் ஆராய்ச்சிக்கூடத்துலேர்ந்து சாமிநாதன் சார் வர்றாரு. அவர் முன்னாடி மெஷின் தப்பு, எங்கப்பா பெருக்கினது சரின்னு சொல்லப் போறியா? பேசாம அச்சுல இருக்கறதையே படிச்சிட்டு எறங்கு. மானத்தை வாங்காதே."

"சார், கணக்கு சரிங்க சார்."

"அப்போ மெஷின் ஏன் அப்படிச் சொல்லிச்சு? அதுக்குப் பதில் இருக்கா?"

தேவகி நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கெட்டுப்போன அட்டைதானே என்று பெட்டியை அன்றைக்கும் அவள் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பினால், பரசுராமன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு அந்த அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார்! "இத எதுக்கு நைனா தூக்கிக்கினு வர்ற?" என்றாள். "மெட்ராஸ்காரரு வர்றாருன்னு சொன்னியே. அவரு சாமானைக் கெடுத்தது நானு. நானே சொல்லிக்கிறேன்," என்றார். மனிதர் மன்னிப்பு கேட்கக் கிளம்பிவிட்டார். தடுத்தால் கேட்கிற ஆளா?

காலேஜ் ஹாலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பதினாலு பேர் படிக்கவேண்டும். தேவகியின் முறை சாப்பாட்டுக்கு அப்புறம். பேராசிரியர் சாமிநாதன் முன்வரிசையில் கட்டை மீசையும் தடிக் கண்ணாடியுமாக உட்கார்ந்து, காலையிலிருந்து ஒவ்வொருத்தரையும் ஒரே கேள்வியில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார். ஆற்காட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் மேடையிலிருந்து இறங்கும்போது சாக்பீஸைக்கூடக் கீழே வைக்க மறந்து எடுத்துப்போய்விட்டான்.

தேவகி ஏறினாள். அந்துருண்டை என்று ஆரம்பித்தாள். ஹாலில் சிரிப்பு. நீலம் என்றாள், சிரிப்பு நின்றது. காகிதத்தை மடித்துக் காட்டினாள். கட்டத்தை ஆறும் நாலுமாக உடைத்தாள். கடைசியில் பலகையில் 0.877 என்று எழுதி, அடியில் கோடு போட்டாள்.

சாமிநாதன் அச்சுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "இங்க 1.236-ன்னு இருக்கு. எங்க கம்ப்யூட்டர் குடுத்த நம்பர். இப்போ நீ வேற நம்பர் சொல்ற. யாரு போட்டது இது?"

"நானும் எங்க நைனாவும் சார். கையால."

ஹால் மறுபடி சிரித்தது. சிவப்பிரகாசம் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்போ எங்க மெஷின் பொய் சொல்லுதா?"

தேவகி பலகையில் இருந்த எண்ணைப் பார்த்தாள். கண் தானாகக் கடைசி வரிசைக்குப் போனது. அங்கே நைனா, மடியில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு, தன் பெயர் அடிபட்டதில் எழுந்து நிற்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்திருந்தார். பெட்டி. கடைசி இருபத்திரண்டு அட்டை. அவள் இன்னும் பார்க்காத அட்டைகள்.

"நைனா! அத எடுத்துக்கினு வா!"

பரசுராமன் ஹால் நடுவே நடந்து வந்தார். பெட்டியைத் திறந்து சங்கிலியின் வால் பக்கத்தை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைப் பலகையின் மேல்கட்டையில் போட்டுச் சன்னல் பக்கம் தொங்கவிட்டாள். மத்தியான வெயில் ஓட்டைகள் வழியாக வந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக, வரிசை பிசகாமல், இருபத்திரண்டு அட்டை. தனித்தனி அட்டையாக இருந்திருந்தால் இப்படித் தொங்கவிட்டுக் காட்டியிருக்க முடியுமா?

"சார், ஓர் அட்டையில ரெண்டு எண்ணு. எந்தப் புள்ளியை எந்தப் புள்ளியோட சேக்கணும்னு. ஓட்டை எந்த வரிசையில இருக்கோ அதான் எண்ணு. முதல் பதினோரு அட்டை நாப்தலீன். அடுத்த பதினோரு அட்டை அசுலீன். நான் படிக்கிறேன், அப்படியே வரையறேன்."

பத்துப் புள்ளியை வட்டமாக வைத்தாள். அசுலீன் அட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தாள். தறியோடு வளர்ந்த பெண்ணுக்கு ஓட்டையைப் படிக்கச் சொல்லியா தரவேண்டும்? "ஒண்ணு, ரெண்டு," என்று ஒரு கோடு. "ரெண்டு, மூணு," என்று ஒரு கோடு. "மூணு, நாலு." வட்டம் வளர்ந்தது. "பத்து, ஒண்ணு," என்று வட்டம் மூடியது. கடைசி அட்டை. குறுக்குக்கோடு. ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போகவேண்டிய கோடு.

விரல் நின்றது. மறுபடி தடவினாள். ஓட்டை ஒரு வரிசை கீழே இருந்தது.

"ஒண்ணு, ஆறு," என்றாள்.

கோட்டைப் போட்டாள். இந்தப் பக்கம் ஆறு மூலை, அந்தப் பக்கம் ஆறு மூலை. ஹாலில் இருந்த அத்தனை வேதியியல் பிள்ளைகளுக்கும் அந்தப் படம் மனப்பாடம். "அந்துருண்டை!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

தேவகி திரும்பினாள். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல். "மெஷின் பொய் சொல்லலீங்க சார். முதல் பதினொண்ணைப் பாத்து ரெண்டாவது பதினொண்ணை எழுதினப்போ, கடைசி எண்ணை மாத்தாம விட்டுட்டேன். தப்பு என்னுதுதான். நான் அந்துருண்டையையே ரெண்டு தடவை கேட்டிருக்கேன். அதுவும் ரெண்டு தடவையும் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கு."

அப்புறம் சாமிநாதன் சிரித்தார் பாருங்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். "மூணு வாரமா எங்க ஆளுங்க, நான், உங்க வாத்தியார், எல்லாரும் அந்த நம்பரைப் பாத்தோம். ஒருத்தருக்கும் சந்தேகம் வரல," என்றார். எழுந்து வந்து சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். "இது யாரு கோத்தது?"

பரசுராமன் கைகட்டிக்கொண்டு முன்னால் வந்தார். காலையிலிருந்து மனப்பாடம் செய்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னார். "நான்தாங்க. தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிக்கணும். ஆனா எங்க தறியில ஒரு அட்டை தப்பா இருந்தா மொத்தத்தையும் அவுக்கமாட்டோங்க. அந்த ஒண்ணை அறுத்து எடுத்துட்டு வேற கோத்துடுவோம். வேணும்னா இப்பவே செஞ்சி தரேன்."

ஹால் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டியது. சிவப்பிரகாசம் சாரும் தட்டினார், எல்லாரையும்விட அதிகமாக. இருக்கட்டும், பாவம்.

ஐந்து மணிக்குப் பெயரை வாசித்தார்கள். ஒரே ஒரு பெயர். ப. தேவகி, அம்மையார்குப்பம். பரசுராமன் சலவை வேட்டியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். எல்லாரும் பார்த்தார்கள்.

மே மாதம் இரண்டாவது வாரம் அம்மையார்குப்பத்துக்கு ஒரு தபால் கார்டு வந்தது. எதிர்வீட்டுப் பெண் வாசித்துக் காட்டினாள். ரத்தினம்மாள் மறுபடி வாசிக்கச் சொன்னாள். பரசுராமன் அதைத் தறிக்கு மேலே, கட்டக் காகிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து, போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினார். அதில் இவ்வளவுதான் எழுதியிருந்தது:

"நைனா, புது அட்டை போட்டு இன்னிக்கு மெஷினைக் கேட்டேன். 0.877. நம்ம கணக்கையேதான் சொல்லிச்சு."